போர்க்களம் காணாத போர் வரலாற்றாசிரியர்: ராபர்ட் ஓர்ம்

சாந்தோம் பேராலயத்திலிருந்து தெற்கு நோக்கிச் செல்வோர் பட்டினப்பாக்கத்தை ஒட்டி அடையாற்றின் கழிமுகத்தைக் காண்பர். ஆறு கடலைச் சேருமுன் பல கிளைகளாக விரிந்து தேங்கும் இடம் அது. அதன் வடகரையில் 1746ஆம் ஆண்டு, பழைய நாட்காட்டிப்படி அக்டோபர் 24ஆம் நாள், ஆர்க்காட்டு நவாப் அன்வாருதீனின் மகன் மாபூஸ் கான் ஏறத்தாழப் பத்தாயிரம் வீரர்களுடன் அணிவகுத்து நின்றான். தென்கரையில், புதுச்சேரியிலிருந்து நடந்து வந்த பிரெஞ்சுப் படை நின்றது. அதில் ஐரோப்பியர் ஏறத்தாழ 230 பேர்; சிப்பாய்கள் 700 பேர். தலைவன் பாரடிஸ் ஆற்றில் இறங்கிக் கடக்க ஆணையிட்டான். கரையேறியவர்கள் வரிசை குலையாமல் துப்பாக்கி தொடுத்தனர். நவாபின் பெரும்படை சாந்தோம் தெருக்களுக்குள் நெருக்கியடித்துப் புகுந்து, அங்கும் சுடப்பட்டுச் சிதறியது. சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்தன.

இன்று பாலத்தின் மேல் விரையும் பேருந்துப் பயணிகளுள் இதனை அறிந்தோர் சிலரே. ஆயினும் இந்தியப் போர் முறையின் வரலாற்றில் இந்தச் சிறு மோதல் ஒரு திருப்புமுனை என்று கற்றோர் கருதுகின்றனர். முகலாயப் பேரரசின் அதிகாரிகளை ஐரோப்பியர் வெல்ல இயலாது என நூறாண்டுக்கும் மேலாக நிலவிய எண்ணம் அன்று அடையாற்றங்கரையில் உடைந்தது என்ற கருத்தை நூலில் அழுத்தமாகப் பதித்தவர் ராபர்ட் ஓர்ம். அந்தப் போர் நிகழ்ந்தபோது அவருக்கு வயது பதினேழு. அவர் இருந்த இடமோ கல்கத்தா.

அடையாற்றுப் போர் ஒன்றில் மட்டும் அன்று, தாம் எழுதிப் புகழ்பெற்ற பெரும் போர்கள் எவற்றிலும் ஓர்ம் களத்தில் நின்றவர் அல்லர். 1751இல் கிளைவ் ஆர்க்காட்டுக் கோட்டையில் ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கியபோது அவர் வங்காளத்தில் இருந்தார். 1757இல் பிளாசிப் போர் நடந்தபோது சென்னையில் இருந்தார். 1758 டிசம்பரில் லாலியின் படை சென்னையைச் சூழ்ந்தபோது, ஊரை விட்டுச் சென்று கடல் நடுவில் இருந்தார். வாளைத் தொடாத குடிமகன் ஒருவர் ஒரு கம்பெனியின் படைச் செயல்களுக்கு அதிகாரபூர்வமான வரலாற்றாசிரியர் ஆனதும், கூலி பெற்ற அந்த எழுதுகோல் எந்த அளவிற்கு மெய் பேசியது என்பதும் எழுத்தை வாழ்வாகக் கொண்டோர் எண்ணிப் பார்க்கத் தக்கவை.

அஞ்சுதெங்கு முதல் கோட்டை வரை

திருவிதாங்கூர்க் கடற்கரையில் கம்பெனியார் கோட்டை கட்டியிருந்த சிற்றூர் அஞ்சுதெங்கு. அங்கே கம்பெனியின் மருத்துவராகப் பணியாற்றியவர் அலெக்சாண்டர் ஓர்ம். அவருடைய இரண்டாம் மகனாக 1728 டிசம்பர் 25ஆம் நாள் ராபர்ட் பிறந்தார். இரண்டு வயதில் இலண்டனில் இருந்த அத்தை வீட்டிற்கு அனுப்பப்பட்டார். ஹாரோ பள்ளியில் பயின்றார். பதினான்கு வயது நிரம்பும் முன்னரே மீண்டும் கப்பலேறிக் கல்கத்தா வந்து, ஒரு வணிக நிறுவனத்தில் சேர்ந்தார். 1743இல் கம்பெனியின் எழுத்தர் பணி கிடைத்தது.

எழுத்தர் என்பது அக்காலத்தில் கம்பெனிப் பணியின் முதற்படி. அடுத்த ஆண்டு அதே படியில் கால் வைக்கச் சென்னைக்கு வந்து இறங்கிய மற்றோர் இளைஞர் ராபர்ட் கிளைவ். பெயரும் ஒன்று, பதவியும் ஒன்று. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானபின் கிளைவ் எழுதுகோலை வைத்துவிட்டு வாளை எடுத்தார். ஓர்ம் எழுதுகோலை இறுதிவரை கீழே வைக்கவில்லை. பின்னாளில் ஒருவர் செய்ததை மற்றவர் எழுதினார்.

வங்காளத்தில் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்த ஓர்ம், நாட்டு மக்களின் வழக்கங்களையும் ஆட்சி முறையையும் கேட்டறிவதில் நாட்டம் மிக்கவர் என்று பெயரெடுத்தார். 1753இல் இங்கிலாந்து சென்றபோது கர்நாடகப் பகுதியின் நிலை குறித்து அமைச்சர்களே அவரிடம் கருத்துக் கேட்டனர். அதன் பயனாகக் கம்பெனி இயக்குநர்கள் அவரைச் சென்னை ஆலோசனைச் சபையின் உறுப்பினராக அமர்த்தினர். 1754 செப்டம்பரில் அவர் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். அப்போது வயது இருபத்தைந்து.

கோட்டையில் கழிந்த நான்கு ஆண்டுகளே அவருடைய வாழ்வின் கருவூலம். படைகளை அனுப்பும் முடிவுகள் அவர் அமர்ந்திருந்த மேசையில்தான் எடுக்கப்பட்டன. களத்திலிருந்து வரும் கடிதங்கள் அங்கேதான் பிரிக்கப்பட்டன. 1756இல் கல்கத்தா நவாப் சிராஜுத் தௌலாவின் கையில் வீழ்ந்த செய்தி வந்தபோது, மீட்புப் படைக்கு யார் தலைமை ஏற்பது என்பது பற்றி நெடிய விவாதம் நடந்தது. கிளைவை அனுப்ப வேண்டுமென வலியுறுத்தி வென்றவர்களுள் ஓர்ம் முதன்மையானவர். அந்த ஆண்டு அக்டோபரில் சென்னைத் துறையிலிருந்து புறப்பட்ட கப்பல்களே பிளாசிக்கு வழி திறந்தன.

1757 முதல் அவர் படைத் தளவாட மேலாளராகவும் தலைமைக் கணக்கராகவும் கூடுதல் பொறுப்பு வகித்தார். அரிசி, மாடு, வெடிமருந்து, சிப்பாய்களின் சம்பளம் ஆகியவற்றின் கணக்குகள் அவர் பார்வைக்கு வந்தன. போரைக் குதிரையின் முதுகிலிருந்து அறிவது ஒரு வகை. கணக்குப் புத்தகத்திலிருந்து அறிவது மற்றொரு வகை. ஓர்ம் அறிந்தது இரண்டாம் வகை. அவருடைய உரைநடையின் வலிமையும் தளர்ச்சியும் இங்கிருந்தே பிறந்தன.

சிறைப்பட்ட கப்பலும் இலண்டன் நூலகமும்

1758 இலையுதிர் காலத்தில் ஓர்ம் சென்னையை விட்டுப் புறப்பட்டார். அவர் சென்ற கிரந்தம் என்னும் கப்பலை 1759 ஜனவரி 4ஆம் நாள் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். சிறைப்பட்ட ஓர்ம் மொரீசியசுக்குக் கொண்டு செல்லப்பட்டார். பின் நன்னம்பிக்கை முனை வழியாக 1760 வசந்தத்தில் பிரான்சின் நாந்த் துறைமுகத்தை அடைந்து, அவ்வாண்டு அக்டோபரில் இலண்டன் சேர்ந்தார்.

அவர் கடலில் அலைப்புண்ட அந்த நாட்களில்தான் சென்னை தன் பெரும் முற்றுகையைக் கண்டது. பரங்கிமலைப் பக்கமிருந்து முன்னேறிய லாலியின் படைக்கு முன்னால், ஆங்கிலேயர் சத்திர வெளியை விட்டுப் பின்வாங்கிக் கோட்டைக்குள் புகுந்தனர். சத்திர வெளி என்பது இன்றைய இராயப்பேட்டை, தேனாம்பேட்டைப் பகுதிகளை உள்ளடக்கி அன்று பரந்து கிடந்த திறந்த நிலம். அதன் மேற்கே நெடிய ஏரி நீர் தேங்கிக் கிடந்தது. அந்த ஏரி தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் எழுந்தது 1920களில்தான். டிசம்பர் 14ஆம் நாள் பிரெஞ்சுக்காரர் கறுப்பர் நகரைக் கைப்பற்றினர். கோட்டைக்கு வெளியே யூசுப் கானும் பிறரும் முற்றுகையிட்டோரின் உணவு வழிகளை அறுத்து அலைக்கழித்தனர். 1759 பிப்ரவரி 9இல் பரங்கிமலையில் கடும் போர் நடந்தது. ஆங்கிலக் கப்பல்கள் வந்து சேர, 17ஆம் நாள் லாலி முற்றுகையை விட்டு நீங்கினான்.

இந்த முற்றுகையை நாள்தோறும் நடந்தபடி எழுதியவர் அதைக் காணாத ஓர்ம். கோட்டையிலிருந்து 26,554 முறை பீரங்கிகள் முழங்கியதையும், 1,768 பீப்பாய் வெடிமருந்து செலவானதையும் அவர் நூல் சொல்கிறது. சுவரில் விழுந்த வெடிப்புகளையும் இரவில் அவை அடைக்கப்பட்டதையும் சொல்கிறது. கணக்கரின் கண் அங்கே விழித்திருக்கிறது. வீரம் பற்றிய ஆரவாரம் குறைவு. செலவும் சேதமும் வரிசையாக வருகின்றன.

இலண்டனில் ஹார்லி தெருவில் வீடு வாங்கிய ஓர்ம், அதைப் பழைய நூல்களாலும் புதிய நூல்களாலும் நிறைத்தார். இந்துஸ்தானத்தில் பிரித்தானியரின் படைச் செயல்களைக் கூறும் அவரது வரலாற்றின் முதல் தொகுதி 1763 ஆகஸ்டில் வெளிவந்தது. 1745 முதலான நிகழ்ச்சிகளை அது பேசிற்று. 1769இல் கம்பெனி அவரைத் தன் அதிகாரபூர்வ வரலாற்றாசிரியராக அமர்த்தி, ஊதியம் வழங்கி, ஆவணக் காப்பறையின் கதவைத் திறந்துவிட்டது. இரண்டாம் தொகுதி 1778இல்தான் வந்தது. இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளும் கேட்பதிலும் ஒப்பிடுவதிலும் கழிந்தன. படைத் தலைவர்களின் நாட்குறிப்புகள், கடிதங்கள், நிலப்படங்கள், சபைக் குறிப்புகள் ஆகிய அனைத்தையும் அவர் தேடித் திரட்டினார். 1773இல் பிரான்சுக்குச் சென்று, தக்காணத்தில் ஆங்கிலேயருக்குப் பெரும் எதிரியாக விளங்கிய புஸ்ஸியை அவரது நாட்டுப்புற மாளிகையில் சந்தித்தார். எதிரியின் வாயாலும் போரைக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் அக்கால வரலாற்றாசிரியர் பலருக்கு இல்லாதது.

செஞ்சோறும் மெய்யும்

தமிழ் மரபில் போர் பாடுவது புதிதன்று. ஆயிரம் யானைகளைக் கொன்று வென்றவனைப் பாடுவது பரணி. கலிங்கப் போரைக் கண்டு வந்த பேய் ஒன்று காளிக்கு எடுத்துரைப்பதாகச் செயங்கொண்டார் அமைத்தார். அவரது நூலிலும் களத்தைச் சொல்பவர் ஒரு சாட்சியே. ஆனால் பரணிக்குத் தோற்றவர் வாய்மொழி வேண்டியதில்லை. சோறிட்ட மன்னனின் புகழே அதன் பயன். செஞ்சோற்றுக் கடன் கழிப்பது அங்கே குற்றமாகாது. வரலாறு எழுதுபவருக்கோ அதுவே முதல் இடர். ஓர்ம் கம்பெனியின் சோற்றை உண்டவர். அந்தக் கடனை எவ்வாறு கழித்தார் என்பதை மூன்று இடங்களில் காணலாம்.

முதலாவது 1755ஆம் ஆண்டின் தென்பாண்டிப் படையெடுப்பு. கர்னல் ஹெரான் மாபூஸ் கானுடன் மதுரைக்கும் நெல்லைக்கும் வரி தண்டச் சென்றான். மதுரைக்கு அருகே கோயில்குடிக் கோயிலைத் தாக்கி அங்கிருந்த செப்புத் திருமேனிகளைக் கொள்ளையாக எடுத்துச் சென்றான். நெற்கட்டும்செவல் கோட்டையின் முன் நின்று, மதில் உடைக்கும் பீரங்கி இன்றித் திரும்பினான். திரும்பும் வழியில் நத்தம் கணவாயில் கள்ளர்கள் அவன் படையை மறித்துப் பெரும் சேதம் விளைவித்து, தங்கள் தெய்வங்களை மீட்டுக் கொண்டனர். ஹெரான் பின்னர் படை நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டுப் பணியிழந்தான். ஹெரானின் நடத்தை சென்னைச் சபையின் முன் வந்தபோது ஓர்ம் அதன் உறுப்பினர். எட்டு ஆண்டுகளுக்குள் வெளிவந்த தம் முதல் தொகுதியிலேயே இதை அவர் மறைக்காது எழுதினார். தம் சபை அனுப்பிய தளபதி கோயிலைக் கொள்ளையிட்டான் என்பதும், மக்கள் தம் தெய்வத்தை மீட்கவே வெகுண்டெழுந்தனர் என்பதும் அவர் ஏட்டில் இடம்பெற்றன. புலித்தேவர், கட்டபொம்மு மரபினர் ஆகியோர் பெயர்கள் ஆங்கிலத்தில் முதன்முதலாக அச்சேறிய நூல்களுள் அவருடையதும் ஒன்று. இன்று தென்னாட்டுப் பாளையக்காரர் வரலாற்றை எழுதுவோர் எவரும் ஓர்மைக் கடந்து செல்ல இயலாது.

இரண்டாவது பிளாசி. அதற்கு முன் நடந்த சூழ்ச்சியில் உமிசந்த் என்னும் வணிகரை ஏய்க்க இரண்டு உடன்படிக்கைகள் எழுதப்பட்டன. ஒன்று மெய், மற்றொன்று பொய். போலி ஏட்டைக் காட்டி அவரை அடங்கச் செய்தவர் கிளைவ். ஓர்ம் கிளைவின் நண்பர். கிளைவைப் படைத் தலைவராக்க வாதாடியவர். பின்னாளில் அந்த நட்பு முறிந்தது. 1774இல் கிளைவ் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து வந்த இரண்டாம் தொகுதியில் அந்த வஞ்சகம் விளக்கமாக இடம்பெற்றது. ஏமாற்றம் அறிந்து உமிசந்த் நிலைகுலைந்து சித்தம் கலங்கியதாக ஓர்ம் எழுதினார். சித்தக் கலக்கம் பற்றிய செய்தியைப் பிற்கால ஆய்வாளர் சிலர் ஏற்கவில்லை. எனினும் கம்பெனியின் மாபெரும் வெற்றிக்கு அடியில் கிடந்த பொய்யைக் கம்பெனியின் ஊதியம் பெற்றவரே அம்பலத்தில் வைத்தார்.

மூன்றாவது இடத்தில் அவர் வழுக்கினார். 1756இல் கல்கத்தா இருட்டறையில் 146 பேர் அடைக்கப்பட்டு 23 பேரே உயிருடன் மீண்டனர் என்ற செய்தியை அவர் அப்படியே எழுதினார். அதற்கு முதன்மைச் சான்று, உயிர் மீண்டவருள் ஒருவரான ஹால்வெல் எழுதியது. 1915இல் ஜே.எச். லிட்டில் இந்தக் கதையின் நம்பகத்தன்மையை வினவினார். அடைக்கப்பட்டோர் தொகை அதனினும் மிகக் குறைவு என்பதே பின்வந்த ஆய்வாளர் பலரின் முடிவு. பல வாய்களைக் கேட்டு ஒப்பிட்ட இடங்களில் நின்ற ஓர்ம், ஒரு வாயை மட்டும் நம்பிய இடத்தில் விழுந்தார். அந்தத் தொகை பள்ளிப் பாடநூல்கள் வரை சென்று, தலைமுறை தலைமுறையாக ஆட்சியை நியாயப்படுத்தும் கருவியாயிற்று. வரலாற்றாசிரியரின் ஒரு கவனக்குறைவு எத்தனை தொலைவு நடக்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

இன்னொரு குறையும் உண்டு. இந்நாட்டு மக்கள் தட்பவெப்பத்தாலும் ஆட்சியாலும் மென்மையுற்றவர், ஆண்மையற்றவர் என்ற பொருள்பட இளமையில் அவர் எழுதிய கட்டுரைகள் அவர் மறைவிற்குப் பின் 1805இல் அச்சேறின. நத்தம் கணவாயையும் யூசுப் கானின் போர்த்திறனையும் தம் கையாலேயே எழுதியவர் அந்தக் கருத்தைத் திருத்தி எழுதவில்லை. அவர் தந்த செய்திகளே அவருடைய கொள்கைக்கு மறுப்பாக நிற்கின்றன.

எழுதப்படாத பக்கங்கள்

ஓர்மின் வரலாறு 1761இல் நின்றுவிடுகிறது. அவ்வாண்டு ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. அதற்குப் பின் நாற்பது ஆண்டுகள் அவர் உயிர் வாழ்ந்தார். அவற்றுள் முப்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகள் வரலாற்றாசிரியர் பதவியிலும் இருந்தார். ஐதரோடும் திப்புவோடும் நடந்த போர்கள் அவர் எழுத்தில் இல்லை. சென்னை முற்றுகையில் ஆங்கிலேயர் பக்கம் நின்று காத்த யூசுப் கான், பின் அவர்களையே எதிர்த்து நின்று 1764 அக்டோபர் 15இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டது அவர் எழுத்தில் இல்லை. யூசுப் கானின் ஏற்றத்தை எழுதிய எழுதுகோல் அவன் வீழ்ச்சிக்கு முன் நின்றுவிட்டது. 1782இல் முகலாயரையும் மராட்டியரையும் பற்றிய வரலாற்றுத் துணுக்குகளை வெளியிட்டார். அவை பின்னோக்கிச் சென்றவை. 1761க்கு முன்னோக்கி அவர் வரவே இல்லை.

அதே 1761 ஜனவரியில் புதுச்சேரியில் மற்றோர் எழுதுகோலும் ஓய்ந்தது. 1736 முதல் தமிழில் நாட்குறிப்பு எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை அந்த மாதத்தில் காலமானார். மயிலாப்பூர்ப் பக்கம் மாபூஸ் கான் படை வந்ததும், டூப்ளேயின் எண்ணங்களும், சந்தை விலையும், ஊர்ப் பேச்சும் அவர் ஏட்டில் நாள்தோறும் பதிந்தன. ஒரே போர்க் காலத்தை ஒருவர் ஆங்கிலத்தில் அச்சுக்காக எழுதினார். மற்றவர் தமிழில் தமக்காக எழுதினார். பிள்ளையின் நாட்குறிப்பு 1846இல்தான் வெளியுலகிற்குத் தெரிய வந்தது. எதிரித் தளபதியைத் தேடிப் பிரான்சு வரை சென்ற ஓர்முக்கு, புதுச்சேரியில் ஒரு தமிழர் எழுதிக் குவித்த ஏடுகள் எட்டவே இல்லை. அவர் நூலில் தமிழ் நிலம் முழுதும் உண்டு. ஊர்ப் பெயர்களும் உண்டு. அந்நிலத்து மக்கள் தம் குரலில் பேசுவது மிக அரிது. இது அவர் ஒருவரின் குறை மட்டும் அன்று. படைத் தரப்பில் எழுதப்படும் எல்லா வரலாற்றுக்கும் உள்ள எல்லைக்கோடு அது.

1792இல் ஓர்ம் இலண்டன் நகரை விட்டு அருகிலுள்ள ஈலிங் என்னும் ஊரில் குடியேறினார். 1801 ஜனவரி 13ஆம் நாள் அங்கே காலமானார். ஈலிங் தேவாலயத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. தாம் திரட்டிய கையெழுத்துப் படிகள் கம்பெனிக்குச் சேர வழிசெய்திருந்தார். இருநூறுக்கும் மேற்பட்ட அத்தொகுதிகள் பின்னர் இந்தியா அலுவலக நூலகத்தில் இருந்து, இப்போது இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. எஸ்.சி. ஹில் என்பவர் அவற்றிற்கு அட்டவணை தயாரித்து 1916இல் வெளியிட்டார். அதே ஹில்தான் 1914இல் யூசுப் கானின் வரலாற்றைத் தனி நூலாக எழுதியவர். ஓர்ம் எழுதாது விட்ட முடிவை, ஓர்மின் தாள்களைப் புரட்டிய கையே நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து எழுதி முடித்தது.

ஓர்மின் நூல் பல பதிப்புகள் கண்டது. 1861இல் சென்னையிலேயே பாரோ நிறுவனத்தாரால் மறுபதிப்பாக வெளிவந்தது. மெக்காலே அவரது நடையைப் புகழ்ந்தார். நுணுக்கம் மிகுந்து படிப்போரைக் களைப்புறச் செய்கிறது என்றும் குறைப்பட்டார். கல்கத்தாவில் பிறந்த நாவலாசிரியர் தாக்கரே தாம் படைத்த கர்னல் நியூகம் என்னும் முதிய படைவீரரின் கையில் ஓர்மின் வரலாற்றையே விருப்ப நூலாகக் கொடுத்தார். களத்தில் நின்ற வீரர்கள் தங்கள் வாழ்வைத் தெரிந்துகொள்ளக் களம் காணாதவரின் நூலைப் புரட்டினர் என்பது இதனால் விளங்கும்.

கவிஞர் கண்ணுக்கு ஓர்ம் வறண்ட எழுத்தாளராகத் தோன்றலாம். ஆனால் அவர் விட்டுச் சென்ற பாடம் கவிதைக்கும் உரியது. ஊதியம் தருபவர் விரும்பாததையும் எழுத ஒருவர்க்கு இயலும். நத்தமும் பிளாசியும் அதற்குச் சான்று. எழுதத் தவறியதும் எழுத்தாளரின் கணக்கிலேயே சேரும். மதுரைத் தூக்குமரம் அதற்குச் சான்று. அடையாற்றின் கழிமுகத்தில் இன்று போரின் சுவடு ஏதும் இல்லை. நீர் வற்றும் காலத்தில் மணல்மேடு தெரிகிறது; பறவைகள் இறங்குகின்றன. இருநூறு ஐரோப்பியரும் எழுநூறு சிப்பாய்களும் நீரில் இறங்கிய அந்தக் காலைப்பொழுது நூலில் மட்டுமே வாழ்கிறது. அதை எழுதியவரின் பெயர் ராபர்ட் ஓர்ம். அந்தச் சிப்பாய்கள் எழுநூறு பேரின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை.